சோதிடருக்குத் தெரியாத விருந்தாளி

நெடுங்கரையில் பத்து வயது இதழினி, வீட்டில் கிடந்த பழைய வாஷிங் மெஷினைக் கால வண்டியாக மாற்றினாள். உள்ளே உட்கார்ந்து குமிழைத் திருகினாள். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அதே நெடுங்கரையில், மன்னர் மாறவேளின் சபை நடுவே வண்டியோடு தொப்பென்று வந்து விழுந்தாள்.

“நான் எதிர்காலத்திலிருந்து வருகிறேன்” என்றாள்.

அரண்மனைச் சோதிடர் திருமேனியார் துள்ளி எழுந்தார். “பொய், மன்னா! இவள் சூனியக்காரி. இந்தப் பெட்டியை உடைத்துத் தீயில் போடச் சொல்லுங்கள். எதிர்காலம் அறிந்தவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான்!”

காவலர்கள் கோடரியோடு வந்தார்கள். வண்டி போய்விட்டால் அம்மாவிடம் திரும்ப முடியாது. இதழினி சோதிடரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“ஐயா, அப்படியானால் நான் இன்று வருவேன் என்பதும் உங்களுக்கு முன்பே தெரியும்தானே?”

“தெரியாமல் என்ன? போன மாதமே தெரியும்!”

“பிறகு ஏன் சூனியக்காரி வரப்போகிறாள் என்று மன்னரை எச்சரிக்கவில்லை?”

சோதிடர் வாயைத் திறந்தார். “அது வந்து... இன்று காலையில்தான்...” என்று இழுத்தார். சபை கொல்லென்று சிரித்தது. மன்னராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோடரிகளைக் கீழே போடச் சொன்னார்.

பிறகு அவளருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: “குழந்தாய், ஊருக்கு மேற்கே ஓர் ஏரி வெட்டிக்கொண்டிருக்கிறேன். அது நிலைக்குமா?”

“நான் நீச்சல் பழகியதே அதில்தான், ராஜா.”

மன்னர் தம் கையாலேயே அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.