மூன்றாவது நட்டு

மார்ச் 16, காலை ஒன்பது பத்து. செங்கோடன் சாக்கை அவிழ்த்து, மேசைமேல் ஏழு மெஷின்களை வரிசையாக வைத்தார்.

ஏழும் ஒரே வேலைக்கானவை. வண்டிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றுவது, முடுக்குவது. ஒயர் கிடையாது. பேட்டரியில் ஓடுபவை.

"டீச்சர், இதுல எது சரியான மெஷின்?"

நஸ்ரீன் முதல் மெஷினைக் கையில் எடுத்தார். விசையை அழுத்தினார். ஓடியது. இரண்டாவதை எடுத்தார். அதுவும் ஓடியது.

ஏழையும் ஓட்டிப் பார்த்தார்.

"எல்லாமே சரியாத்தான் இருக்குதுங்கண்ணா."

"அப்படின்னா எட்டாவதா எதை வாங்கட்டும்?"

நஸ்ரீன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். செங்கோடன் உட்கார்ந்தார்.

நாமக்கல்லில் பரமத்தி சாலையில் நஸ்ரீனுக்குக் கடை. பவர் டூல்ஸ் விற்பனை, பழுது பார்ப்பது இரண்டும். அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஐ.டி.ஐ.யில் நான்கு வருடம் தற்காலிக ஆசிரியராக இருந்தார். ஐந்தாவது வருடம் கூப்பிடவில்லை. டீச்சர் என்ற பெயர் மட்டும் கூடவே கடைக்கு வந்துவிட்டது.

செங்கோடனுக்கு ஐம்பத்தாறு. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி டயர் கடை. அந்தக் கடை நாற்பத்தொரு நாளாகத் திறக்கவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். பேன்ட், சட்டை, கழுத்தில் வங்கி அடையாள அட்டை. உலகநாதன் என்று போட்டிருந்தது.

"மேடம், வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மெஷின். பேட்டரி மாடல். பன்னெண்டு வோல்ட் போதுமா, இருபது எடுக்கணுமா?"

"வருசத்துக்கு எத்தனை ஓட்டை போடுவீங்க?"

அவர் யோசித்தார். "தண்ணி ஃபில்டர் மாட்ட நாலு."

"அப்புறம்?"

"சாமி படத்துக்கு ரெண்டு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னங்க? அதுக்கு மேல போட்டா ஓனர் காலி பண்ணச் சொல்லுவான்."

"சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா?"

"சுவர்... வெள்ளை கலருங்க."

"போய்த் தட்டிப் பாத்துட்டு வாங்க. செங்கல்லா இருந்தா பக்கத்து வீட்ல மெஷின் இருக்குதான்னு கேளுங்க. கான்கிரீட்டா இருந்தா மறுபடியும் வாங்க, வேற மெஷின் பேசலாம்."

"நீங்க கடை நடத்துறீங்களா, மூடப் பாக்குறீங்களா?"

"ஆறு ஓட்டைக்கு நான் என்னங்க நடத்துறது?"

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

செங்கோடன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அந்த மாதிரி ஒரு பதில் சொல்லி அனுப்பி வெச்சிருங்க டீச்சர்."

"அவரு என்ன வேலைன்னு சொன்னாரு. நீங்க இன்னும் சொல்லல."

"சக்கரம் கழட்டி மாட்டுறதுதான். வேற என்ன?"

"அதுக்கு ஏழு மெஷினா?"

"ஒண்ணுதான் இருந்துச்சு. ஆறு, இப்ப வாங்குனது."

"கடையைப் பூட்டி வெச்சுட்டா?"

"ஆமாங்க."

"என்னாச்சுங்கண்ணா?"

"பிப்ரவரி மூணாம் தேதி மத்தியானம் ஒரு வண்டி வந்துச்சு. கோழித் தீவனம் ஏத்துற சின்ன லோடு வண்டி. பின்னாடி இடது சக்கரம் பஞ்சர். ஓட்டி வந்தவரு பேரு சவரிமுத்து. வண்டி அவரோட சொந்த வண்டி. டீ வாங்கிக் குடுத்தாரு. எனக்கும் சேத்து வாங்கிட்டு வந்தாரு."

"சரி."

"பஞ்சர் ஒட்டி, மாட்டி அனுப்பிட்டேன். எம்பது கிலோமீட்டர் போயிருக்காரு. மலை இறக்கத்துல வண்டி தடுப்புல மோதிருச்சு. அங்கயே முடிஞ்சு போச்சு."

மின்விசிறி சுற்றியது.

"போலீஸ் என்ன எழுதுனாங்க?"

"போன் பேசிக்கிட்டே ஓட்டுனாருன்னு. தடுப்புல இடிச்ச வேகத்துல சக்கரம் பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு. கேஸ் அவரு மேலயே முடிஞ்சுது."

"உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களா?"

"எதுக்குங்க? என் பேரே அதுல இல்ல."

"அப்பறம் ஏன் கடையைப் பூட்டுனீங்க?"

செங்கோடன் முதல் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவரு சம்சாரம் ஸ்டெல்லா. அவரு போன்ல அன்னைக்கு என் நம்பர் இருந்துச்சுன்னு கூப்பிட்டுச்சு. 'கடைசியா உங்க கடையிலதான நின்னாரு, என்ன பேசுனாரு'ன்னு கேட்டுச்சு. டீ குடிச்சாரும்மான்னு சொன்னேன். அதுக்கு ஒரே அழுகை."

"ஒரு தடவதான் கூப்பிட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஆனா கூப்பிடுது. அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு அதுதான் அவருக்குப் போன் போட்டிருக்கு. அரிசி வாங்கிட்டு வரச் சொல்லி. பேசிக்கிட்டிருக்கும்போதே சத்தம் கேட்டிருக்கு. 'நான்தாண்ணா கொன்னேன், ஒரு அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம்ல'ங்குது. மாமியார் வீட்லயும் அதையேதான் சொல்றாங்களாம். பெரிய மனுஷி ஒருத்தி மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"இல்லம்மா, நீ இல்லம்மாங்கறேன். எல்லாரும் மரியாதைக்கு அப்படித்தாண்ணா சொல்லுவாங்கன்னு போனை வெச்சிருது."

நஸ்ரீன் ஏழு மெஷின்களையும் பார்த்தார். ஒன்றைவிட அடுத்தது பெரியது. கடைசியாக வைத்திருந்தது லாரிச் சக்கரத்துக்கானது.

"அந்த நட்டை முடுக்குனது எது?"

"இது." முதல் மெஷினைத் தொட்டார். "பேட்டரியும் அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கேன். சார்ஜ் போடல. இதுக்குள்ள எதாவது பதிவாயிருக்குமா டீச்சர்? எந்த நட்டை எவ்வளவு முடுக்குச்சுன்னு?"

"இந்த மாடலுக்கு ஞாபகம் எல்லாம் கிடையாதுங்கண்ணா."

"ஞாபகம் இருக்கற மாடல் வருதா?"

"வருது. அது வாங்குன நாள்ல இருந்துதான் ஞாபகம் வெச்சுக்கும்."

கடையின் பின்சுவரை ஒட்டி ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு சக்கரம் மாட்டியிருந்தது. வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக வைத்தது. ஐந்து நட்டு.

நஸ்ரீன் ஐந்தையும் கழற்றிச் செங்கோடன் உள்ளங்கையில் போட்டார்.

"அன்னைக்கு மாட்டுன மாதிரி மாட்டுங்க. அதே மெஷின், அதே பேட்டரி."

இறங்கிய பேட்டரி இத்தனை நாள் ஓய்ந்து கிடந்ததில் கொஞ்சம் தேறியிருந்தது; நான்கு விளக்குகளில் ஒன்று மட்டும் எரிந்தது.

செங்கோடன் ஐந்து நட்டையும் கையால் சுழற்றி ஏற்றினார். மெஷினை வைத்தார். தடதடவென்று அடித்தது. ஒன்று விட்டு ஒன்றாகப் போனார். முப்பத்தைந்து வருடத்துப் பழக்கம். கை தானாகப் போனது.

முதல் நட்டு. தடதட.

இரண்டாவது. தடதட.

மூன்றாவது நட்டில் தட என்றது. நின்றது. விளக்கு அணைந்தது.

"அன்னைக்கும் இங்கதான் நின்னுச்சா?"

"இங்கதான்."

"அப்பறம் என்ன செஞ்சீங்க?"

"உள்ள போய் வேற பேட்டரி எடுத்துட்டு வந்தேன்."

நஸ்ரீன் அலமாரியிலிருந்து முழு சார்ஜ் உள்ள பேட்டரியை எடுத்து நீட்டினார். செங்கோடன் மாட்டினார். குனிந்தார். நான்காவது நட்டு. ஐந்தாவது நட்டு. நிமிர்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் டைட்டா?"

"டைட்டுங்க. சத்தம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

நஸ்ரீன் நீளமான டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுத்தார். கையால் திருப்புவது. வேண்டிய அளவு இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லும்.

"உங்க கடையில இது இருக்குதா?"

"இருக்கு. ஆணியில தொங்குது."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் தொங்குச்சு."

செங்கோடன் ஐந்தாவது நட்டில் வைத்து அழுத்தினார். டிக். நான்காவது. டிக்.

முதல் நட்டு நகர்ந்தது. கால் சுற்றுப் போன பிறகுதான் டிக் என்றது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனது.

மூன்றாவது நட்டு அரைச் சுற்றுக்கு மேல் போனது. டிக் என்றதும் அவர் கை நின்றது. ரெஞ்சை எடுக்கவில்லை.

"சத்தம் ஒரே மாதிரிதாங்க கேட்டுச்சு."

"பேட்டரி இறங்க இறங்க பலம் குறையும். சத்தம் குறையாது."

"மூணுல நின்னுச்சு. மூணு முடிஞ்சுதுன்னு நாலுக்குப் போயிட்டேன். இப்பக் கூடப் பாருங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்க, நாலுக்குத்தான் போறேன்."

"ஆமா."

"கரன்ட்ல கம்ப்ரசர் ஓடுன காலத்துல இந்தக் கொழப்பமே இல்ல. காத்து கன்னு. புடிச்சா விடாது."

"அப்பவும் ரெஞ்ச் ஆணியிலதான் தொங்குச்சு?"

செங்கோடன் ஸ்டூலுக்குத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்தபடி இருந்தார்.

"டீச்சர், இது இங்க நடந்தது. அன்னைக்கும் இதேதான் நடந்துச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"முடியாது."

"முடியாதுல்ல?"

"இந்தச் சக்கரத்தை வெச்சு அந்தச் சக்கரத்தைச் சொல்ல முடியாதுங்கண்ணா."

செங்கோடன் மூச்சை விட்டார். சாக்கை எடுத்தார். முதல் மெஷினை உள்ளே போட்டார்.

"வண்டியைப் போய்ப் பாத்தீங்களா?" என்றார் நஸ்ரீன்.

சாக்கைப் பிடித்த கை நின்றது.

"ஸ்டேஷன் வாசல்ல நிக்குது. போனேன்."

"சக்கரம்?"

"தனியா கெடந்துச்சு. பக்கத்துலயே."

"போல்ட் போற ஓட்டை எப்படி இருந்துச்சு?"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

செங்கோடன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார். அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு வட்டத்தை மெல்ல நீட்டினார்.

நீள்வட்டமாக வந்தது.

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

"ஒரே இடியில ஓட்டை அப்படி நீளுமாண்ணா?"

"நீளாது."

"எப்பத்தான் நீளும்?"

"லூசா ஓடணும். ரொம்ப தூரம். ஆடி ஆடித் தேயணும்." செங்கோடன் விரல்களை மடக்கினார். "மொத மூணும் லூசானா மத்த ரெண்டும் எவ்வளவு நேரம் தாங்கும்? எம்பது கிலோமீட்டர் தாங்கியிருக்கு. மோதுனதுல சக்கரம் கழலல டீச்சர். சக்கரம் கழண்டுதான் மோதியிருக்கு."

"எந்த நாள் பாத்தீங்க?"

"நாலாம் நாள்."

"இந்த ஆறு மெஷின் எப்ப வாங்குனீங்க?"

"அதுக்கப்புறம்."

நஸ்ரீன் மேசையில் மீதமிருந்த ஆறு மெஷின்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் சாக்கில் வைத்தார். அவர் தடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரிஞ்சா என்னாகும்?" என்றார் செங்கோடன்.

நஸ்ரீன் ரெஞ்சை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"இப்பவாவது என்கூடப் பேசுது. அழறதுக்கு அதுக்கு வேற ஆளு இல்ல. நான் சொல்லிட்டா அதுவும் போயிரும். எனக்கு ஜெயில்கூடக் கெடைக்கலாம். கடை அவ்வளவுதான். அந்தாளு திரும்பியா வரப்போறாரு?"

"வரமாட்டாரு."

"அப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?"

"நீங்கதான் எட்டாவதா என்ன வாங்கட்டும்னு கேட்டு வந்தீங்க."

"ஆமா. எதை வாங்கட்டும்?"

"போன வாரம் ஞாயித்துக்கிழமை அந்தம்மா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

செங்கோடன் சாக்கின் வாயைச் சுருட்டினார். விரித்தார். மறுபடியும் சுருட்டினார்.

"இனிமே போனே வெச்சுக்கப் போறதில்லைன்னு சொல்லுச்சு. தூக்கிக் கெணத்துல போட்டுருவேன், அதைத் தொட்டாலே கை எரியுதுன்னு. பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்கு, ஏழாவது படிக்குது. அது அம்மாகிட்ட பேசறதில்லையாம். அப்பா போனதுல இருந்து ஒரு வார்த்தை பேசறதில்லையாம்."

"ஏன்?"

"அம்மா போன் பண்ணித்தான் அப்பா செத்தாருன்னு அதுக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க."

செங்கோடன் சாக்கின் வாயைக் கட்டினார்.

"டீச்சர், இந்த விஷயம் இப்ப ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் உங்களுக்கும்."

"எனக்கு என்னண்ணா தெரியும்? நான் மெஷின் பாக்கறவ."

செங்கோடன் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கடைக்கு வந்த எல்லாரையும் பார்க்கிற முகம்தான்.

சாக்கைத் தோளில் ஏற்றினார். ஏழு மெஷின், எடை அதிகம். படியில் ஒரு முறை தடுமாறி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா."

திரும்பினார்.

"பேட்டரிய வெயில்ல வண்டிக்குள்ள வெச்சுட்டுப் போயிராதீங்க. உப்பிரும். முழுசா இறங்கவும் விடாதீங்க."

"சரிங்க டீச்சர்."

ஏப்ரல் 2 அன்று, விபத்து நடந்த எல்லையின் காவல் நிலையத்தில், ஸ்டெல்லா செங்கோடன்மேல் புகார் கொடுத்தார். தனக்கு எழுத வரவில்லை என்று ஸ்டெல்லா சொன்னதால், புகாரை எழுதிக் கொடுத்தவர் செங்கோடன்.