கரடி தோண்டிய ஒரே குழி

முன்னொரு காலத்தில் ஒரு காட்டில், மழை பெய்தால் ஆறாகவும் பெய்யாவிட்டால் வெறும் மணலாகவும் கிடக்கும் ஓர் ஆற்றங்கரையில், கொம்பையன் என்றொரு கரடி இருந்தான். அவன் மனைவி பெயர் சடைச்சி. கொம்பையனுக்கு இனிப்பு என்றால் உயிர். சடைச்சிக்கோ எதையும் இரண்டு தரம் முகர்ந்து பார்த்தால்தான் நிம்மதி.

அவர்கள் குகை மேற்கு பார்த்தது. சித்திரை, வைகாசியில் வெயில் நேரே உள்ளே நுழைந்துவிடும். பாறை தோசைக்கல் மாதிரி காயும். போன கோடையில் குட்டிகள் இரண்டுக்கும் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. சடைச்சி இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, ஈர மணல் தேடி மத்தியானம் முழுக்க ஆற்றில் அலைந்தாள்.

"வாசலில் ஒரு மரம் மட்டும் இருந்திருந்தால்!" என்றாள் அன்றைக்கு.

நிழலும் வேண்டும், தேன் வற்றிப்போகும் ஆடி மாதத்தில் குட்டிகளுக்குத் தின்னப் பழமும் வேண்டும். அதனால் மாமரம் என்று முடிவாயிற்று. ஆனால் சுற்றிலும் பாறை. வாசலுக்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில்தான் மண் ஆழமாக இருந்தது. அங்கே இரண்டு பேரும் நகம் தேயத் தேயத் தோண்டினார்கள். ஒரு குழிதான் கிடைத்தது. இன்னொன்று தோண்ட அந்த வாசலில் இடமே இல்லை.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு, குழந்தைகளே. கன்றை நட்டு முதல் குடுக்கைத் தண்ணீரை ஊற்றிவிட்டால், அப்புறம் அதை யாரும் பிடுங்கக் கூடாது. நட்டவனும் கூடாது. காய்த்தாலும் அந்த மரம்தான், காய்க்காவிட்டாலும் அந்த மரம்தான்.

ஆடி பிறந்து முதல் மழை பெய்தது. மறுநாள் உச்சிவேளையில் நல்லாண்டி என்ற நரி வாசலில் வந்து நின்றான். முதுகில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு மாங்கன்று, தேக்கிலையில் பொதிந்த ஒரு மாம்பழம்.

"கும்பிடுகிறேன் அண்ணே! அண்ணி, சௌக்கியமா? குழி வெட்டிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். கால் தரையில் பாவவில்லை, ஓடி வந்துவிட்டேன்."

"யார் சொன்னது?" என்றாள் சடைச்சி.

"அணில் இருக்கிற காட்டில் தனியாக ஒருத்தர் சொல்ல வேண்டுமா அண்ணி?"

பாறை மேல் உட்கார்ந்திருந்த அணிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஏழு பேரிடம்தான் சொன்னேன்!"

நல்லாண்டி தேக்கிலையை மெல்லப் பிரித்தான். அவ்வளவுதான். வாசனை குகைக்குள் போய், சுற்றி, திரும்பி வந்தது. கொம்பையனின் மூக்கு தானாக நீண்டது.

"என்ன ரகம் தம்பி இது?"

"பனிராஜா. ஏழு மலைக்கு அப்பால், வடக்கே, தை மாதத்தில் தண்ணீர் கல்லாக உறைகிற சீமையில் விளைவது. அங்கே போய் என் வாயாலேயே பறித்து, பத்து நாள் நடந்து கொண்டு வந்தேன். கன்றும் அதே ரகம். முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள், பேச்செல்லாம் அப்புறம்."

கொம்பையன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். நார் இல்லை, புளிப்பு இல்லை. சாறு முழங்கை வரை வழிந்தது. முழங்கையை நக்கினான். கொட்டையையும் நக்கினான். பிறகு கொட்டை இருந்த இலையையும் நக்கினான்.

"நான் நீலம் வைக்கலாம் என்று இருந்தேன்," என்றாள் சடைச்சி. "வருஷம் தவறாமல் காய்க்கும் என்கிறார்கள்."

"நீலமா!" நல்லாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கொட்டைக்குள் வண்டு குடியிருக்கிற பழம் அண்ணி அது! உங்கள் அந்தஸ்து என்ன, அந்தப் பழம் என்ன!"

"மல்கோவா எப்படி?" என்றான் கொம்பையன்.

"ஒரு வருஷம் காய்க்கும், மறு வருஷம் தூங்கும். நீங்களும் கூடவே தூங்குவதானால் வையுங்கள்."

"கிளிமூக்கு?"

"ஏன் அண்ணே, ஊறுகாய் போடப் போகிறீர்களா?"

கொம்பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குகைக்குள் போய், மழைக்காலத்துக்கென்று பத்திரப்படுத்தியிருந்த மலைத்தேன் அடையை எடுத்து வந்தான். அதுதான் நரி கேட்ட விலை. கன்றைக் குழியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினான். சுரைக் குடுக்கையில் தண்ணீரும் எடுத்துவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றாள் சடைச்சி. "நல்லாண்டி, இந்த ரகம் நம் காட்டில் காய்த்து யாராவது பார்த்திருக்கிறார்களா?"

"இனிமேல்தானே பார்க்கப் போகிறார்கள்! முதல் மரம் உங்கள் வாசலில். காடே கூடி வந்து பார்க்கும். கரடியார் வீட்டு மாமரம் என்று வழி கேட்டுக்கொண்டு வருவார்கள்."

கொம்பையனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. குடுக்கையைத் தூக்கினான். சாய்க்கப் போனவன், எதிரே நின்ற நரியின் முகத்தைப் பார்த்தான். மேலுதட்டில் தோல் வெந்து சிவந்திருந்தது.

"அடடா, இது என்ன புண் தம்பி?"

"ஒன்றுமில்லை அண்ணே. கருவேல முள். நீங்கள் ஊற்றுங்கள்."

"முள் புண்ணைச் சும்மா விடக் கூடாது." கொம்பையன் குடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, அடையில் விரலை விட்டுத் தேன் எடுத்தான்.

"ஆரம்பித்துவிட்டார்," என்றாள் சடைச்சி. "காட்டில் எவனுக்குப் புண் வந்தாலும் என் தேன்தான் குறைகிறது."

கொம்பையன் குனிந்து நரியின் உதட்டில் தேனைத் தடவினான். தடவிய விரல் பாதியில் நின்றது. கரடியின் மூக்கு சாதாரண மூக்கா? முள் குத்திய புண்ணில் இரத்தவாடை அடிக்கும். இதில் பிசின் வாடை அடித்தது. மாங்காயைக் காம்போடு கடித்து இழுத்தால் பீய்ச்சுமே ஒரு பால், அந்த வாடை. குட்டியாக இருந்தபோது அவனே மூக்கைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். மறக்குமா?

"தம்பி, இது முள் இல்லையே. மாம்பால் பட்டு வெந்த புண்."

நல்லாண்டி ஒரு நொடிதான் விழித்தான். "அட, ஆமாம் அண்ணே! ஞாபகமே இல்லை. அந்தப் பனிராஜாவைப் பறித்தேன் இல்லையா, அப்போது பட்டது."

"பறித்துப் பத்து நாள் ஆயிற்று என்றாயே," என்று சடைச்சி கிட்டே வந்தாள். ஒரு தரம் முகர்ந்தாள். நகர்ந்து நின்று இன்னொரு தரம் முகர்ந்தாள். "பத்து நாள் புண் இந்நேரம் காய்ந்து உதிர்ந்திருக்கும். இது நேற்றுப் பட்டது. நேற்று எந்த மரத்தில் மாங்காய் பறித்தாய்?"

"அது வந்து அண்ணி..."

"உன் வாசலில் என்ன மரம் நிற்கிறது?"

"என் வாசலிலா? சும்மா ஏதோ தானாக முளைத்தது."

"தானாக முளைத்ததா!" அணில் பாறையிலிருந்து குதித்தது. "தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறான்! நான் பக்கத்தில் போனால் கல்லை எடுக்கிறான்!"

"அதைப் பார்த்துவிட்டு வந்து ஊற்றுகிறேன்," என்றான் கொம்பையன்.

நரி பதறினான். "வெயில் கொளுத்துகிறது அண்ணே! கன்று வாடிவிடும். ஒரே ஒரு குடுக்கை ஊற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம்."

கொம்பையன் கன்றைப் பார்த்தான். நுனி இலை உண்மையிலேயே துவள ஆரம்பித்திருந்தது. நாக்கில் அந்தப் பழத்தின் ருசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கை தானாகக் குடுக்கைக்குப் போயிற்று.

அந்த நேரத்தில் குட்டிகளில் ஒன்று குகையை விட்டு வெளியே வந்தது. முந்தின நாள் மழை பெய்த பாறைதான், அதற்குள் காய்ந்திருந்தது. குட்டி ஒரு காலை வைத்தது, சுட்டது, துள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

கொம்பையன் கையை இழுத்துக்கொண்டான்.

"ஒரு நாழிகை வாடினால் கன்று செத்துப்போகாது. நட தம்பி."

நரியின் வளை அதே கரையில், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. வாசலில் இரண்டு மாமரங்கள். ஒன்று நெட்டை. கரும்பச்சை இலை அடர்ந்து வானத்தைப் பார்த்து நின்றது. ஒரு காய் இல்லை. அடிமரத்தில் பட்டை வழவழவென்று தேய்ந்து, நரி மயிர் ஒட்டியிருந்தது. மற்றது குட்டை. குடை விரித்த மாதிரி படர்ந்து, காய்ப் பாரம் தாங்காமல் கிளைகள் தரையைத் தொட்டன. அதைச் சுற்றி முள்வேலி.

கொம்பையன் நெட்டை மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்தான். குழியில் நிற்கும் கன்றின் வாசனை அப்படியே இருந்தது.

"இதற்கு எத்தனை வயது?"

"ஒன்பது," என்றான் நல்லாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எத்தனை தரம் காய்த்தது?"

அணில் முந்திக்கொண்டது. "பூத்ததே இல்லை மாமா. நான் சாட்சி."

"பின்னே எதற்கு இதை வைத்திருக்கிறாய்?"

"முதுகு சொறிந்துகொள்ள, அண்ணே."

சடைச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொம்பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷம்! குட்டிகள் வளர்ந்து, குகையை விட்டே போயிருக்கும்.

நரி மெதுவாகச் சொன்னான். "நானும் ஏமாந்தவன்தான் அண்ணே. வடக்கேயிருந்து கணவாய் வழியாக வண்டிகள் போகும். அதிலிருந்து பழம் உருண்டு விழும். நேற்றுக்கூட ஒன்று விழுந்தது, நீங்கள் சாப்பிட்டது அதுதான். முதன்முதலில் தின்றபோது ருசியில் மயங்கிக் கொட்டையை வாசலிலேயே ஊன்றித் தண்ணீரும் ஊற்றிவிட்டேன். அது பல் கிட்டும் குளிர் பட்டால்தான் பூக்குமாம். நம் காட்டில் குளிர் ஏது? பிடுங்கவும் முடியாது. போட்ட கொட்டையெல்லாம் முளைத்துப் பத்துக் கன்று நிற்கிறது. யார் தலையிலாவது கட்டலாம் என்று..."

"இந்தக் குட்டை மரம்?" என்றாள் சடைச்சி.

"நீலம். நேற்றுப் பறித்ததும் இதில்தான்," என்றான் நரி. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கொம்பையன் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, பழுத்த பழம் ஒன்றைப் பறித்துக் கடித்தான். பனிராஜா அளவு தித்திப்பு இல்லைதான். ஆனாலும் நல்ல தித்திப்பு. கொட்டையைப் பல்லால் உடைத்தான். உள்ளே கறுப்பாக ஒரு வண்டு இருந்தது. அதையும் வாயில் போட்டு நறுக்கென்று மென்றான்.

"வண்டும் நன்றாகத்தான் இருக்கிறது சடைச்சி. இதற்கென்று தனியாகக் கரையான் புற்றைத் தேடிப் போக வேண்டாம்."

வளைக்குப் பின்னால், ஓலை மறைவில், இரண்டு நீலம் ரக ஒட்டுக்கன்றுகள் இருந்தன. நரி தனக்கென்று வைத்திருந்தவை. ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினான்.

"இதை முதலிலேயே கொண்டு வந்திருந்தால் இதற்கே தேன் கொடுத்திருப்பேனே தம்பி!"

"நீலம் என்று கூவினால் யார் அண்ணே கூடையை இறக்கச் சொல்கிறார்கள்? காய்க்காத மரத்தின் பெயரைச் சொன்னால்தான் எல்லோருக்கும் எச்சில் ஊறுகிறது."

கொம்பையன் முழங்கையில் காய்ந்திருந்த சாற்றைத் துடைத்துக்கொண்டான்.

திரும்பி வந்ததும் தண்ணீர் காணாத அந்தக் கன்றைப் பிடுங்கி வெளியே வைத்தார்கள். பிடுங்கத் தடையில்லையே! நீலக் கன்றைக் குழியில் நிறுத்தினார்கள். "ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும்," என்றாள் சடைச்சி. இரண்டு தரம் குனிந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

கொம்பையன் குடுக்கையைச் சாய்த்தான். மண் கடகடவென்று குடித்தது. குடுக்கை காலியானதும் அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாடா! இன்னும் ஒரு விரற்கடை சாய்த்திருந்தால் போயிருக்குமே சடைச்சி."

"போயிருக்கும்தான்," என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காட்டுப் புண்ணுக்கெல்லாம் தேன் தடவுகிறீர்கள் என்று இனிமேல் திட்டமாட்டேன். ஒரு வாரத்துக்கு."

குட்டிகள் வெளியே வந்தன. முழங்கால் உயரக் கன்றின் கீழே, உள்ளங்கை அகல நிழலில், ஆளுக்கொரு காலை வைத்துப் பார்த்தன. சுடவில்லை.

கொம்பையன் தேனடையை இரண்டாகப் பிட்டுப் பாதியை நரியிடம் கொடுத்தான். "நீலத்துக்குப் பாதி போதும். அந்தப் பனிராஜாவையும் தூக்கிக்கொண்டு போய்விடு."

நல்லாண்டி வாடிய கன்றைக் கூடையில் போட்டுக்கொண்டான்.

"இனி அதை யாரிடம் விற்பாய்?" என்று கேட்டது அணில்.

"முதுகு அரிக்கிறவர்கள் யாராவது இருக்கமாட்டார்களா?" என்றான் நரி.

அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து ஏழு பேரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அணில் ஒரே ஓட்டமாக ஓடியது. நரி உதட்டுத் தேனை நக்கிக்கொண்டே, ஆற்று மணலில் மெல்ல நடந்து போய்விட்டான்.

நீதி: விற்பவன் கையிலுள்ள பழத்தின் ருசியை நம்பி மரம் வைக்காதே, அவன் தன் வாசலில் எதை வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு வை.