தாய்மாமன் மடிக்கு மூன்று பேர்

நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். ஆனால் கடைசியில் கேட்கிற கேள்விக்கு முழுப் பதில் வேண்டும்.

விருத்தாசலத்தில் செண்பகவடிவு என்றொரு பெண். தாயும் இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. தோப்பூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை திலகா மட்டும்தான். திலகாவுக்கு வளைகாப்பு வந்தது. தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறு போக வேண்டுமே!

"அம்மா சமைச்ச அடுப்புல வெந்த சோறு ஒரு வாயாவது வரணும்க்கா. இல்லேன்னா வளையலுக்குக் கை நீட்ட மாட்டேன்" என்று தங்கை போனில் அழுதாள். வடிவு சத்தியமே செய்துவிட்டாள். ஐந்து தூக்கில் ஐந்து வகைச் சோற்றைக் கட்டிக்கொண்டு பகல் ரயிலில் ஏறினாள். மாலை நாலரைக்குள் போய்ச் சேர வேண்டும்.

வழியில் ஒரு பாலத்தில் வேலை. ரயிலைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள். பாவம், டீ விற்கும் முப்பிடாதி. ஒரு ஸ்டேஷனில் ஏறி அடுத்ததில் இறங்குவது அவன் பிழைப்பு. அன்றைக்கு அடுத்த ஸ்டேஷனே வரவில்லை! காலையிலிருந்து வயிற்றுக்கு ஒன்றுமில்லாமல், காலிக் கேனோடு வடிவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

ஒன்றரை மணிக்கு ரயில் மேலப்பாறையில் நின்றது. இருபத்திரண்டு பெட்டி. ஸ்டேஷனோ சின்னது. வால் பாதி ரயில்வே கேட்டின் மேலேயே நின்றுவிட்டது. முன்னால் ஒற்றைப் பாதை, அதில் ஒரு சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஏற்கெனவே காத்திருந்தது 'மயில்ரதம்' என்ற தனியார் சொகுசு ரயில். குளியல் தொட்டி வைத்த ரயில் அய்யா அது! தொட்டித் தண்ணீர் தளும்பக்கூடாதென்று ஓட்டுநர் தாலாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவார். ஆனால் பாதிப் பெட்டி காலி.

தயிர்சோறு புளித்துவிட்டதா என்று வடிவு தூக்கைத் திறந்தாள். வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. ரயிலில் சோற்றைத் திறந்தால் எதிர் சீட்டைக் கேட்காமல் இருப்பது எந்த ஊர் வழக்கம்? "சாப்பிடுறீங்களா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள். "வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றுதான் உலகம் பதில் சொல்லும். அன்றைக்குப் பெட்டியிலிருந்த எழுபது பேரும், "சரிங்க" என்றார்கள்.

ஐந்து தூக்கும் காலி. அப்போதுதான் அவளுக்குச் சத்தியம் நினைவு வந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு விம்மினாள். முப்பிடாதி தன் கைக்கு வந்த புளிச்சோற்றை இலையோடு மடித்து நீட்டினான்.

"இந்தா தங்கச்சி, நான் இப்பத்தான் சாப்பிட்டேன்."

"ஒரு பிடிச் சோத்தோட சம்பந்தி வீட்டு வாசல்ல எப்படிண்ணே நிப்பேன்?"

மயில்ரதத்துச் சமையல் பெட்டியின் வாசலில் நின்ற சிந்தா மதார் மாஸ்டருக்கு இது கேட்டுவிட்டது. "ஏ தாயி, அஞ்சு வகைதானே? தூக்கை இப்படித் தள்ளு" என்றார். முந்திரி வறுபட்ட வாசத்துக்குச் சொகுசுப் பயணிகளெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த ஒரு மில் முதலாளி துண்டோடு வந்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஒரு மணி நேரத்தில் ஐந்து தூக்கும் நிறைந்தன.

பாதை திறந்தது. எந்த ரயில் முதலில்? மயில்ரதம் என்றது மேலிடத்துப் போன். கேட்டின் இருபுறமும் பஸ்கள் கத்திக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் இஸ்ரவேல், "சார், திட்டுறதை அப்புறமா திட்டுங்க" என்று போனை வைத்துவிட்டு, வடிவின் ரயிலுக்குப் பச்சை காட்டினார்.

நாலே காலுக்குத் தோப்பூர். திலகா முதலில் இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு வாய் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. காதுகுத்தும் வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கு எங்கே போவது? அன்று கைகொடுத்த மூவரும் கூடியிருந்த மேலப்பாறைக்கே வடிவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான் பச்சை காட்டலேன்னா சோறு இங்கேயே ஊசிப்போயிருக்கும். மடி என்னுது" என்றார் இஸ்ரவேல்.

"ஊசிப்போக மொதல்ல சோறு வேணும்லா வேய்? அஞ்சு தூக்கும் என் கைப்பக்குவம்" என்றார் சிந்தா மதார்.

முப்பிடாதியோ எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

கேட்கிறவர்களே, சொல்லுங்கள். குழந்தையை யார் மடியில் வைப்பது நியாயம்?

யோசித்தாயிற்றா? இஸ்ரவேல் நல்லவர்தான். ஆனால் கேட்டை மறித்த ரயிலை அனுப்பாமல் அவருக்கு வேறு வழி ஏது? சமையல் மாஸ்டருக்கு மனசு பெரிசு. ஆனால் திலகா கேட்டது அம்மா அடுப்பில் வெந்த ஒரு வாய். அது இருந்தது இலைப் பொட்டலத்தில் மட்டும். எழுபது பேர் உண்மையைச் சொல்லிச் சாப்பிட்ட இடத்தில், பட்டினி கிடந்தவன் ஒருத்தன்தான் பொய் சொன்னான். மடி முப்பிடாதியுடையது. மற்ற இருவருக்கும் வேலை இல்லையா என்ன? துள்ளுகிற பிள்ளையின் கையை ஒருவர் பிடித்தார், காலை ஒருவர் பிடித்தார். பக்கத்தில் நின்ற மயில்ரதத்திலிருந்து கைதட்டல் கேட்டது. வளைகாப்பு அன்றைக்கு அதில் வந்த பயணிகள், "ரயில் நின்ற அந்த ஒரு மணி நேரம்தான் சொகுசு" என்று ரயில் கம்பெனிக்கு எழுதிவிட்டார்களாம். அதனால் மயில்ரதம் இப்போது மேலப்பாறையில் ஒரு மணி நேரம் நிற்கிறது, கட்டுச்சோறு போடுகிறார்கள், ஒரு பெட்டிகூடக் காலியில்லை. இதை மட்டும் முழுசாக நம்பலாம்.