மூன்றாவது பெயர்

சந்தியாகு மாஸ்டர் கபடி சொல்லிக்கொடுப்பவர். ஒரு மாலை, கோடு போடுவதற்காகச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஆடிப் பழகிய பூங்கோதை வந்து எதிரே நின்றாள்.

“ஜனங்களுக்கு மரியாதையை எப்படிக் கத்துக்கொடுக்கிறது மாஸ்டர்?”

“யாருக்குக் காட்டுற மரியாதை?”

“நம்ம கல்லுக்கு.”

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் நினைவுக் கல்லைச் சொன்னாள். பதினோரு வருடங்களுக்கு முன், போட்டிக்குப் போன பெண்கள் அணியின் வேன் மழையில் கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அணித்தலைவி பூங்கோதை பிழைத்துக்கொண்டாள். அன்று, மழை விட்டதும் கிளம்பலாம் என்றார் டிரைவர். நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்று சொன்னது அவள்தான்.

அந்த நான்கு பேருக்கும் ஊரில் ஓர் அடையாளம் வேண்டும் என்று எட்டு வருடம் அலைந்தாள். அவள் ஏறாத அலுவலகம் இல்லை. கடைசியில் கல் எழும்பியது. கருங்கல்லில் நான்கு பெயர்கள். சுற்றிலும் படிகள். நிழலுக்கு இரண்டு வேப்பமரம்.

“படியில உட்கார்ந்து சுண்டல் தின்னாங்க. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினாங்க. பேர் மேலேயே துண்டு காயப் போட்டாங்க. பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுது மாஸ்டர்.”

“நீ என்ன செஞ்சே?”

“மனு கொடுத்தேன். போன வாரம் வேலி போட்டாச்சு. தள்ளுவண்டி, கூடைக்காரங்க எல்லாரையும் அப்புறப்படுத்தியாச்சு. இப்போ வேலியில துண்டு காயப் போடுறாங்க.”

மாஸ்டர் கையைக் கழுவினார். “வா, பார்த்துட்டு வருவோம்” என்றார்.

கல்லைச் சுற்றி ஒருவரும் இல்லை. கேட்டில் பூட்டுத் தொங்கியது. படிகளில் வேப்பம்பழங்கள் மிதிபடாமல் கிடந்தன.

“எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க” என்றாள் பூங்கோதை.

மாஸ்டர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். பூங்கோதையும் பின்னாலேயே போனாள். அங்கே பேருந்து நிலைய வாசலில் ஒரு பெண் சுண்டல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“உட்கார இடம் கிடைக்கலையாம்மா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“அங்கேருந்து விரட்டிட்டாவ மாஸ்டர். மூணு வருசமா அந்தப் படியிலதான இருந்தேன். போலீஸ்காரரு கூடையைக் காலால எத்தி விட்டுட்டாரு.”

“வேற இடத்துல விக்கலாமே” என்றாள் பூங்கோதை.

“ஏவாரம் எங்கேயும் ஓடும் தாயி. எம்மவ பேரு அங்கேதான இருக்கு.”

ஒரு பொட்டலம் கேட்டுக் கை நீட்டியிருந்த பூங்கோதை திரும்பிக் கல்லைப் பார்த்தாள்.

“மேலேருந்து மூணாவது பேரு. எனக்கு எழுத்து தெரியாது. சுண்டல் வாங்க வாறவுககிட்ட, மூணாவது என்ன போட்டிருக்குன்னு கேப்பேன். ஜெபக்கனின்னு வாசிப்பாவ. ஒரு நாளைக்குப் பத்துப் பேரு வாயால எம்மவ பேரு காதுல விழும். இப்போ இங்கேருந்து கேட்டா, தெரியலையே ஆச்சின்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிடுதாவ.”

பொட்டலத்தை எடுத்து நீட்டியபடி அந்தப் பெண் மறுபடி பேசினாள்.

“கல்லை வச்சது அந்தக் கேப்டன் பொண்ணுதானாமே மாஸ்டர். எம்மவ வாய்க்கு வாய் கேப்டன் அக்கா, கேப்டன் அக்கான்னுதான் சொல்லுவா. திறப்பு விழா அன்னிக்குப் பார்க்கலாம்னு வந்தேன். எங்களையெல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டிட்டாவ. முகம் தெரியலை. எங்கே இருந்தாலும் அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.”

பூங்கோதை பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தாள். கொஞ்ச தூரத்தில் மாஸ்டர் அவளை எட்டிப் பிடித்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?”

“தெரியும்.”

“ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

“கல்லைப் பத்தி நிறையக் கேட்டே. அந்த வீடுகளைப் பத்தி நீ ஒரு நாளும் கேட்கலை.”

பொட்டலம் பூங்கோதையின் கைக்குள் நசுங்கி, சுண்டல் தரையில் சிந்தியது.

“நாளைக்குக் காலையிலேயே இன்னொரு மனு கொடுக்கிறேன். அவங்களை மட்டுமாவது உள்ளே விடச் சொல்றேன்.”

“கொடு” என்றார் மாஸ்டர். “அதுக்கு முன்னாடி திரும்பிப் போய், அந்த அம்மாகிட்ட நீ யாருன்னு சொல்லிட்டு வா.”

பூங்கோதை நின்ற இடத்திலேயே நின்றாள்.