நாலாவது தடவை

"என்னால முடியல சிஸ்டர். நாளையிலேருந்து நான் வரல."

கோமதி சிஸ்டர், துவைத்த படுக்கை விரிப்பின் ஒரு முனையை இருதயராஜிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டி, ஒரு சிறிய தொண்டு நிறுவனம் நடத்தும் போதை மறுவாழ்வு இல்லம் அது. பன்னிரண்டு கட்டில். கோமதி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து அதைத் தொடங்கியவர். இருதயராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கோமதியைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் இந்த வேலையைக் கோமதியிடம்தான் கற்றுக்கொண்டார்.

தன் மகனை இதே வாசலுக்கு இரண்டு முறை இழுத்து வந்தவர். மூன்றாம் முறை இழுத்து வர மகன் இல்லை.

"சுடலைமணி வந்து நிக்கான்," என்றார்.

"கேட்டுலயா?"

"காலையிலேருந்து. கண்ணப் பாத்தாலே தெரியுது, திரும்பவும் ஊசி போட்டிருக்கான். இது நாலாவது தடவை. முதல்ல அவங்க அண்ணன்மாரு கையக் கட்டி ஆட்டோல போட்டுக் கொண்டாந்தாங்க. அடுத்த தடவை போலீஸ் வந்து விட்டுட்டுப் போச்சு. போன ஆனியில அவன் பொண்டாட்டி கைப்புள்ளையோட வந்து உங்க காலப் புடிச்சா. மூணு தடவையும் பேசினோம். வாந்தி அள்ளினோம். என்ன ஆச்சு?"

சிஸ்டர் விரிப்பை உதறிக் கொடியில் போட்டார்.

"நாம எதுக்கு இருக்கோம் சிஸ்டர்? விக்கிறவன் தெருவுக்குத் தெரு இருக்கான். நாம பன்னெண்டு கட்டில் போட்டு வச்சிருக்கோம்."

"தெரியல அண்ணாச்சி. எனக்கும் அலுத்துத்தான் போகுது."

இருதயராஜ் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்போ அவன?"

"போகச் சொல்லிருங்க."

"நெசமாவா?"

"நீங்கதானே முடியாதுங்கீங்க. யாரு கூட்டியாந்தாங்கன்னு மட்டும் கேட்டுட்டு அனுப்பிருங்க."

இருதயராஜ் நடந்தார். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. எதற்குக் கேட்கச் சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. யார் கூட்டி வந்தால் என்ன?

சுடலைமணி கேட் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காலில் செருப்பு இல்லை.

"ஏல, யாரு உன்னக் கூட்டியாந்தது?"

அவன் கேள்வி புரியாதவன்போல விழித்தான். தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். சாலையில் ஈ காக்கைகூட இல்லை.

"யாருமில்ல சார். நாந்தான்."

"எதுல வந்த?"

"நடந்து."

இருதயராஜ் வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டின் கொண்டியை விலக்கினார்.

"எந்திரி, மக்கா," என்றார்.