சம்பந்தியம்மா போடாத தும்மல்

கூளப்பாளையத்தில் நாச்சிமுத்து வீடு எது என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, "அங்க எதுக்குங்க போறீங்க?" என்று இரக்கத்தோடு ஒரு வார்த்தை கேட்டும் வைப்பார்கள்.

அண்ணன் தம்பி மூன்று பேர், அவர்கள் பெண்டாட்டிமார், பிள்ளைகள், வந்து தங்கியதில் திரும்பிப் போக மறந்துவிட்ட உறவுக்காரர்கள் என்று எந்நேரமும் ஜேஜே என்று இருக்கும் வீடு. அந்த வீட்டில் புத்திக்குப் பஞ்சமில்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அப்படியே இருந்தது.

மூத்தவர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் யோசிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். 'நாம் செய்வது சரிதானா?' என்று எதற்கும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்பதுதான் சிக்கல். நடுத்தம்பி குழந்தைசாமிக்குச் சந்தேகம் என்பதே வந்தது கிடையாது. சின்னத்தம்பி பொன்னையன், கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் கட்சி.

நாச்சிமுத்துவின் மகள் தமயந்திக்கு ஓர் இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை சிவராசு மோட்டார் மெக்கானிக். இவர்கள் தோட்டத்து பம்புசெட்டைப் பழுது பார்க்க வந்தவன், மோட்டார் நன்றாக ஓட ஆரம்பித்த பிறகும் வந்துகொண்டே இருந்தான். தமயந்தியும் வேண்டாமென்று சொல்லவில்லை.

தடை ஒன்றே ஒன்றுதான். சிவராசுவின் அம்மா அம்சவேணி அம்மாளுக்குத் தூசி ஆகாது. நல்ல காரியம் பேசும்போது தும்மினால் அந்தக் காரியமே ஆகாது என்பதும் அவர் கட்சி. முன்பு பெண் பார்க்கப் போன வீடுகளில் தும்மிவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தவர்.

"அப்பா, கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்," என்றாள் தமயந்தி. "ஞாயித்துக்கெழமை வர்றாங்க. அத்தை ஒரு தும்மல் போட்டாங்கன்னா எல்லாம் போச்சு. வீட்டுல பொட்டுத் தூசி இருக்கக் கூடாது, பாத்துக்குங்க."

சகோதரர்கள் டவுனுக்குப் போய்த் தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். எத்தனை நாளைக்கு ஒருதரம் போட வேண்டும் என்று நாச்சிமுத்து கேட்டார்.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "ஆள் நடமாட்டம் அதிகமா இருக்கற எடத்துல தினமும் போடுங்க. நடமாட்டமே இல்லாத எடத்துல வாரம் ஒருதரம் போதும். ஆடு மாடு, நாய் பூனை வளக்கறவங்கன்னா தினம் ரெண்டு தடவை. பை நெறைஞ்சா இங்க தூக்கிட்டு வந்துராதீங்க, வீட்டுலயே தட்டிக்கலாம்."

அன்று சாயங்காலமே கூடத்தில் ஆலோசனை நடந்தது.

"ஆள் நடமாட்டம் எங்கப்பா அதிகம்?" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து.

"இதென்னங்ணா கேள்வி? பஸ் ஸ்டாண்டுலதான்," என்றான் குழந்தைசாமி.

"நம்ம வீட்டுலயும் ஆள் இருக்காங்களேடா."

"இருக்காங்க. நடமாடறாங்களா? பாதிப்பேரு படுத்துட்டுத்தானே இருக்காங்க?"

நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தார். உண்மைதான்.

"பஸ் ஸ்டாண்டுதாங்ணா," என்றான் பொன்னையன், கடைசியாகப் பேசியவன் குழந்தைசாமி என்பதால்.

மறுநாள் காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், டீக்கடைச் சுவரில் ஒயரைச் சொருகி, பஸ் ஸ்டாண்டைச் சுத்தம் செய்தார்கள். டீ மாஸ்டர் வாயைப் பிளந்தபடி, "உங்களைப் பஞ்சாயத்துல வேலைக்கு எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. புள்ளைக்குக் கல்யாணம்," என்றார் நாச்சிமுத்து.

மாஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்களே என்ற பயம்.

இரண்டாம் நாள் மெஷின் ஒரு கண்டக்டரின் விசிலை விழுங்கிவிட்டது. உள்ளே காற்று இழுக்க இழுக்க விசில் விடாமல் ஊத, நின்றிருந்த பஸ்ஸெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின. பயணிகள் மட்டும் நின்றார்கள். "பாத்தீங்களா, இப்பத்தான் கூட்டுறதுக்கு எடம் தாராளமா இருக்குது," என்று குழந்தைசாமி மகிழ்ந்தான்.

தினமும் நிறைந்த பையை, கடைக்காரர் சொன்னபடியே, வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் தட்டினார்கள். ஊர்த் தூசியெல்லாம் வந்து சேரச் சேரக் கூடத்து மூலையில் ஒரு மேடு எழும்பியது.

நடமாட்டமே இல்லாத இடம் எது என்பதில்தான் கொஞ்சம் தகராறு. குழந்தைசாமி சுடுகாடு என்றான்.

"அங்கயும் நாலு பேரு வர்றாங்களே," என்றார் நாச்சிமுத்து.

"தூக்கிட்டு வர்றவங்க திரும்பிப் போயிர்றாங்க. தங்கறவரு நடமாடறதில்லையே."

சுடுகாடு என்றே முடிவாயிற்று. அங்கே மின்சாரம் இல்லாததால் அந்த வாரம் கையாலேயே அள்ளி வந்தார்கள். மேடு இன்னும் உயர்ந்தது. நிறமும் கொஞ்சம் வெளுத்தது.

"பிராணி இருந்தா ரெண்டு தடவைன்னாரே," என்று வெள்ளிக்கிழமை குழந்தைசாமி வருத்தப்பட்டான். "ரெண்டு தடவை போட்டா வீடு ரெண்டு மடங்கு சுத்தம். நம்மகிட்டப் பிராணி இல்லாததால ஒருதரத்தோட நிக்குது. யாருக்கு நட்டம்?"

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் எருமையை இரவல் வாங்கி வந்து கூடத்தில் கட்டினார்கள். முதல் தடவை மெஷின் போட்டபோதே எருமையின் வால் குழாய்க்குள் போய்விட்டது. எருமை மெஷினையும், மெஷினைப் பிடித்திருந்த பொன்னையனையும் இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடியது. போன வழியெல்லாம் சுத்தமாகிவிட்டது என்று பொன்னையன் எருமையோடு திரும்பி வந்து சொன்னான். முன்பல் ஒன்றைக் காணோம், சந்தோஷம் குறையவில்லை.

நாச்சிமுத்து மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுத்தம் பண்ணப் பண்ண ஏன் அழுக்காகிறது? எங்கோ தப்பு நடக்கிறது. அந்தத் தப்பு என்னுடையதாக இருக்குமோ? மனம் கேட்டுக்கொண்டே போனது. கடைசியில் பதிலும் கிடைத்தது: தம்பிகள் பஸ் ஸ்டாண்டின் கழிப்பறைப் பக்கத்தைச் சரியாகக் கூட்டவில்லை. சனிக்கிழமை அவரே போய்க் கூட்டி, அந்தத் தூசியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மேட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னப்பா இது? இதை வெளியில கொண்டுபோய்க் கொட்டுங்க!"

"அது முடியாது கண்ணு. கடைக்காரரு வீட்டுலதான் தட்டச் சொன்னாரு."

"அவங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க!"

குழந்தைசாமி ஓடிப்போய்ப் பெரிய ஜமக்காளத்தை எடுத்துவந்து மேட்டின் மேல் விரித்தான். தலையணைகளையும் வைத்தான். எருமைக்கு ஒரு சால்வை போர்த்தினான். பார்க்க வயசான விருந்தாளி மாதிரி இருந்தது.

அம்சவேணி அம்மாள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி உள்ளே வந்தார். பின்னால் சிவராசு. அம்மாள் ஜமக்காள மேட்டில் உட்கார்ந்து, கையால் அழுத்திப் பார்த்து, "பரவால்லையே, மெத்துன்னு இருக்குது. எங்க வாங்குனீங்க?" என்றார்.

"உள்ளூருலதாங்க. பஸ் ஸ்டாண்டுல," என்றார் நாச்சிமுத்து.

பெண்ணைப் பிடித்துப் போயிற்று. காபியைக்கூடக் குடித்தார். எருமையைப் பார்த்து, "பெரியவரு ஒண்ணும் பேச மாட்டேங்கறாரே," என்றும் விசாரித்தார். தட்டு மாற்ற நேரம் வந்தது. வெற்றிலை பாக்கு வைத்த தட்டை நாச்சிமுத்து நீட்ட, அதை வாங்க அம்சவேணி அம்மாள் முன்னால் சாய்ந்தார். சாய்ந்ததில் மேடு நசுங்கியது. ஜமக்காளத்தின் ஓரத்திலிருந்து சின்னப் புகை மாதிரி ஒன்று கிளம்பி நேராக அம்மாளின் மூக்குக்குப் போனது.

"ஹ..." என்றார் அம்சவேணி அம்மாள்.

தமயந்தி சிவராசுவைப் பார்த்தாள். சிவராசு தரையைப் பார்த்தான்.

"ஹா..."

"அண்ணா, புடிங்க!" என்று கத்தினான் குழந்தைசாமி. மெஷினை ஓடவிட்டு, குழாயை எடுத்துச் சம்பந்தியம்மாவின் மூக்கில் வைத்துவிட்டான்.

உர்ர்ர் என்று ஒரு சத்தம். அம்சவேணி அம்மாளின் முகம் ஒரு நொடி நீண்டது, பிறகு பழையபடி ஆனது. தும்மல் வரவில்லை.

குழந்தைசாமி குழாயை எடுத்துவிட்டு மெஷினை நிறுத்தினான்.

"வந்துச்சு," என்றார் அம்மாள் மெதுவாக. "ஆனா நான் போடலை."

"எங்க போச்சு?" என்று கேட்டான் பொன்னையன்.

எல்லோரும் மெஷினின் பையைப் பார்த்தார்கள்.

"நான் தும்முனாத்தானே ஆகாது? நான்தான் தும்மலையே," என்று அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. தாலி ஏறுற வரைக்கும் அந்தப் பையைத் தொறக்கக் கூடாது. என்னோடது உள்ள இருக்குது."

அன்றோடு அந்த வீட்டில் மெஷின் போடுவது நின்றது. பையின் வாயை மஞ்சள் கயிற்றால் கட்டி, முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். யாராவது அருகில் போய்ச் சத்தமாகப் பேசினால் நாச்சிமுத்து உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார்.

முகூர்த்த நாளில் மெஷின் மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தது. தாலி எடுக்கும் நேரத்தில் நாச்சிமுத்துவுக்குப் பழைய வியாதி வந்துவிட்டது. அது உள்ளேதான் இருக்கிறதா? இல்லை, நமக்குத் தெரியாமல் போய்விட்டதா? திறந்து பார்த்தால் தெரியும், திறந்தால் போய்விடும். பையின் மேல் காதை வைத்துப் பார்த்தார்.

"என்னங்ணா கேக்குது?" என்றான் குழந்தைசாமி.

"மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைடா. நிறுத்தச் சொல்லு."

கெட்டிமேளம் நின்றது. சிவராசு இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். மண்டபமே அமைதியாக, நாச்சிமுத்து முகத்தைப் பையில் நன்றாக அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"ஹச்!"

மண்டபம் அதிர்ந்தது. சிவராசுவின் கை மூன்றாம் முடிச்சில் அப்படியே நின்றது. தமயந்தி நிமிரவே இல்லை. எல்லோரும் அம்சவேணி அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாள் எழுந்தார். காதைத் தீட்டிக்கொண்டு யோசித்தார்.

"அது என்னோடதுதான்," என்றார். "சத்தத்தை வச்சே சொல்லிருவேன். ஆனா போட்டது அவரு. அவரு தும்முனா எனக்கு என்ன வந்துச்சு? நீ முடிச்சைப் போடுடா!"

மூன்றாம் முடிச்சு விழுந்தது. மேளம் முழங்கியது. அட்சதை விழுந்தது. தமயந்தி சிரித்துவிட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தியம்மா இலைக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"உங்க தும்மலைத் தெரியாமப் போட்டுட்டேனுங்க. மனசு உறுத்துது."

"எனக்கும் அன்னைக்கிருந்து மூக்கு ஒரே நமைச்சல்தானுங்க," என்றார் அம்மாள், பாயசம் குடிப்பதை நிறுத்திவிட்டு.

"எனக்கு அடுத்து வர்ற தும்மலு உங்களுதுங்க. வந்ததும் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"அவசரமில்லை. வரும்போது குடுங்க," என்றார் அம்மாள் பெருந்தன்மையாக.

நாச்சிமுத்து சொன்ன சொல் தவறாதவர். நாலு நாள் கழித்துக் காலையில் மூக்கு லேசாக நமைத்தது. இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் ஓடி, சம்பந்தியம்மா வீட்டுக்குப் போக பஸ் ஏறினார். "எங்கீங்க போகணும்?" என்று கண்டக்டர் கேட்டார்.

வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று பயந்து, அவர் பதில் சொல்லவில்லை. இன்னமும் பஸ் போகிற ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறார்.