ஓடையில் ஒரு மிதிகல்

மாசிலாமணி அடிகளின் மடத்துக்கு மேலே மலைக்காடு, கீழே சோலைக்காடு. இரண்டையும் சேர்த்துவைத்திருந்தது மடத்துக்குச் சொந்தமான மரக்கூட்டம் ஒன்றுதான்.

அடிகள் யாத்திரை போயிருந்த சமயம் அங்கே உழவாரப் பணி நடந்தது. கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினால் புண்ணியம் என்றால் காட்டையே பெருக்கித் தள்ளினால் எவ்வளவு புண்ணியம்! யோசனை சீடன் தாண்டவராயனுடையது. ஜவுளிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, தீட்சைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவன். பட்டுப்போய் நின்ற மரம், விழுந்து மக்கிய கட்டை எல்லாவற்றையும் ஆள் திரட்டி இழுத்துவந்து மடைப்பள்ளியில் அடுக்கிவிட்டான். அதையும் தேவாரம் பாடிக்கொண்டே செய்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

திரும்பி வந்த அடிகள் நேரே மடைப்பள்ளிக்குப் போனார். எரிகிற கட்டையிலிருந்து வெள்ளைப் புழுக்கள் அடுப்படியில் விழுந்து துடித்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். 

"இது கொம்புவண்டோட பிள்ளை. உளுத்த கட்டைதான் இதுக்கு வீடு, சோறு எல்லாம்" என்றார்.

தாண்டவராயனுக்குச் சுருக்கென்றது. பாராட்டை எதிர்பார்த்து நின்றவன் அவன். "வண்டுக்குன்னு நடுவுல ஒரு கட்டையை விட்டுத்தான் வெச்சிருக்கேன் சாமி. குங்குமம்கூட வெச்சிருக்கேன்."

"மேல்காட்டு வண்டு கட்டை கட்டையாத் தங்கித்தான் கீழ்காட்டுக்குப் போகும். நீண்ட தூரம் அதால பறக்க முடியாது. இனிமே எப்படிப் போகும்?"

"எப்படியாவது போயிடும் சாமி."

அடிகள் மறுநாள் காலை தீட்சை என்று மட்டும் சொன்னார்.

தீட்சை பெறுகிறவன் ஓடையைத் தாண்டி அக்கரைப் படித்துறையில் நீராடி, ஈர வேட்டியோடு முகூர்த்தத்துக்குள் திரும்ப வேண்டும். மடத்து வழக்கம் அது. மழைக்காலம், ஓடையில் ஆள் முழுகும் தண்ணீர். மிதிகற்கள் மேல் கால் வைத்து அக்கரை போனான் தாண்டவராயன்.

குளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கற்களைக் காணோம். இக்கரையில் அடிகள் கடப்பாரையோடு மூச்சு வாங்க நின்றிருந்தார். அத்தனையையும் புரட்டித் தள்ளியிருந்தார். நட்டநடுவே ஒரே ஒரு கல் மட்டும் நின்றது. அதன்மேல் குங்குமம்.

தாண்டவராயனுக்கு நீச்சல் தெரியாது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷக் காத்திருப்பும் கண்ணெதிரே போகிறதே என்று உடம்பெல்லாம் எரிந்தது. குரு என்பதும் மறந்துபோயிற்று.

"இது என்ன அநியாயம் சாமி? ஒத்தக் கல்லை வெச்சுக்கிட்டு நான் எப்படி அந்தக் கரைக்கு வருவேன்?"

அடிகள் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மடத்தைப் பார்த்து நடந்தார். திரும்பாமலே சொன்னார்:

"எப்படியாவது வந்துடு."